ஹாலுக்குப் புது டிவி எடுக்கப் போறீங்களா? எல்லாரும் கேக்குற கேள்விகளும் என் பதிலும்

நான் திருச்சில வீடு வீடா போய் டிவி மாட்டுறது, ரிப்பேர் பாக்குறதுன்னு இந்த வேலையில ரொம்ப வருஷமா இருக்கேன். மாட்டி முடிச்சு ரிமோட்ட கையில குடுக்கும்போதுதான் பல பேர் "தம்பி, நாங்க எடுத்தது சரியான டிவிதானே"ன்னு கேப்பாங்க. அப்ப கேட்டு என்ன பண்றது, பில்லு போட்டாச்சே. கடைக்குப் போறதுக்கு முன்னாடி கேக்க வேண்டியது அதெல்லாம். போன்லயும் வாட்ஸ்அப்லயும் திரும்பத் திரும்ப வந்த கேள்விகள, அவங்க கேட்ட மாதிரியே இங்க ஒண்ணா போட்டிருக்கேன்.

எங்க ஹால் 10-க்கு 14 அடி. எத்தனை இன்ச் டிவி எடுக்கலாம்?

ஹால் அளவ விடுங்க, டிவி மாட்டப் போற சுவத்துல இருந்து நீங்க உக்காருற இடத்துக்கு எவ்ளோ தூரம்னு டேப் வச்சு அளங்க. 10 அடி அகலத்துல சோபாவே 3 அடிய தின்னுரும், மிச்சம் 7 அடி, அதாவது 84 இன்ச். யூடியூப், ஓடிடின்னு நல்ல குவாலிட்டி படமா பாக்குற வீடுன்னா அத 1.5-ஆல வகுங்க, 56 வரும், அப்ப 55 இன்ச் டிவி. சாதாரண கேபிள் சேனல்தான் நாள் பூரா ஓடும்னா 2-ஆல வகுங்க, 42 வரும், அப்ப 43 இன்ச். ஒரே ஹாலுக்கு ரெண்டு விடை வருது பாத்தீங்களா, வீட்ல என்ன ஓடுதுன்னு தெரியாம நான் இன்ச் சொல்றதே இல்ல.

கணக்கு புரியலன்னா பழைய பேப்பர் எடுத்து ஒட்டி சுவத்துல மாட்டிப் பாருங்க. 43 இன்ச்சு கிட்டத்தட்ட 3 அடி 1 இன்ச் அகலம், 1 அடி 9 இன்ச் உயரம். 55-னா 4 அடி அகலம், 2¼ அடி உயரம். 65-னா 4 அடி 9 இன்ச் அகலம், 2 அடி 8 இன்ச் உயரம். ரெண்டு நாள் அந்தப் பேப்பர பாத்துக்கிட்டே காபி குடிங்க, உங்களுக்கே தெரிஞ்சிரும். கடையில உயரமான கூரைக்குக் கீழ 55 சின்னதா தெரியும், வீட்டுக்கு வந்தா சுவரே மறைஞ்சிரும்.

பில்லுல 108 செ.மீ, 139 செ.மீன்னு போட்டிருக்கே, அது என்ன அளவு?

திரைய மூலைக்கு மூலை குறுக்கால அளந்தா வர்றது. 80 செ.மீ 32 இன்ச், 108 செ.மீ 43 இன்ச், 139 செ.மீ 55 இன்ச், 164 செ.மீ 65 இன்ச். அகலம்னு நெனச்சு ஷோகேஸ் செய்யச் சொல்லிராதீங்க.

4கே கட்டாயம் வேணுமா, ஃபுல் எச்டி போதாதா?

படம் குட்டிக் குட்டிப் புள்ளியாலதான் தெரியுது, ஃபுல் எச்டிய விட 4கேல அந்தப் புள்ளி அதிகம். 43 இன்ச்சுக்கு மேல போனா யோசிக்கவே வேணாம், கடையில பெரும்பாலும் 4கேதான் இருக்கும். 43-லயே ரெண்டும் கிடைக்கும், வெல வித்தியாசம் கொஞ்சமா இருந்தா 4கே எடுங்க. 32 இன்ச்சுல பல மாடல் எச்டி ரெடின்னு வரும், அது 1366-க்கு 768 புள்ளி, பெட்ரூமுக்குப் போதும், ஹாலுக்கு வேணாம்.

8கே பத்தியும் கேக்குறாங்க. அதுல 3.3 கோடி புள்ளி இருக்கு, ஆனா அந்தக் குவாலிட்டில நம்ம ஊர்ல போட்டுப் பாக்க என்ன இருக்கு? அந்தக் காசுல நல்ல 4கே பேனலும் ஒரு சவுண்ட்பாரும் வாங்கிரலாம்.

அண்ணே, புதுசா 55 இன்ச் 4கே எடுத்தோம், ஆனா சீரியல் எல்லாம் மங்கலா தெரியுது. டூப்ளிகேட் டிவிய குடுத்துட்டாங்களா?

எனக்கு வர்ற போன்லயே அதிகம் இதுதான், டிவில ஒரு குறையும் இருக்காது. நீங்க பாக்குறது எஸ்டி சேனலா, அதாவது எச்டி இல்லாத சாதாரண சேனலா இருந்தா அதுல ஒரு படத்துக்கு 720-க்கு 576 புள்ளி, மொத்தம் 4 லட்சத்துச் சொச்சம். உங்க 4கே டிவில 3840-க்கு 2160, கிட்டத்தட்ட 83 லட்சம் புள்ளி. ஒரு புள்ளி வர்ற எடத்துல டிவி 20 புள்ளிய தானா ரொப்பணும். சின்னக் குழந்தைக்கு தச்ச சட்டைய பெரியாளு போட்டா தையல் இழுக்கும்ல, அந்த மாதிரி. பழைய 21 இன்ச் பொட்டி டிவில அதே சேனல் பளிச்சுனு தெரிஞ்சதுக்கும் இதுதான் காரணம், அங்க இழுக்க வேண்டிய வேலையே இல்ல.

முதல்ல கேபிள்காரர்கிட்ட, இல்ல டிடிஎச்சுன்னா அவங்க ஆப்ல, உங்களுக்கு வேண்டிய சேனலோட எச்டி இருக்கான்னு பாருங்க. செட்டப் பாக்ஸும் எச்டி பாக்ஸா இருக்கணும், எச்டிஎம்ஐ ஒயர்ல டிவிக்குப் போகணும். சில வீட்ல எச்டி பாக்ஸ் வாங்கிட்டு அதுல இருந்து செவப்பு வெள்ள மஞ்ச ஒயர்ல குடுத்திருப்பாங்க, அப்ப எச்டி வரவே வராது. டிவில ஷார்ப்னஸ் 50-க்கு மேல இருந்தா கொறைங்க, எஸ்டி சேனலுக்கு அது ஓரத்துல வெள்ளக் கோடு போட்டு இன்னும் அசிங்கமாக்கும்.

மூஞ்செல்லாம் அகலமா, குண்டா தெரியுதே?

செட்டப் பாக்ஸ் செட்டிங்ஸ்ல டிவி டைப் 4:3-ன்னு இருக்கும், அத 16:9 ஆக்குங்க. அப்புறமும் சில பழைய படம் ரெண்டு பக்கமும் கருப்புப் பட்டையோட வரும், அது அப்படித்தான் எடுத்தது, இழுத்து ரொப்பாதீங்க.

எல்இடி, கியூஎல்இடி, மினி எல்இடி, ஓஎல்இடி... தலை சுத்துது. ஒரே ஒரு தடவ புரியிற மாதிரி சொல்லுங்க தம்பி.

எல்இடின்னு விக்கிற டிவி எல்லாமே உள்ள எல்சிடிதான். முன்னாடி ஒரு எல்சிடி பேனல், அது ஜன்னல் கதவு மாதிரி வெளிச்சத்த விடும், இல்ல மறைக்கும். பின்னாடி எல்இடி பட்டி வெளிச்சம் குடுக்கும். கதவு எவ்ளோ இறுக்கி மூடுனாலும் இடுக்குல கொஞ்சம் வெளிச்சம் கசியும், அதனாலதான் ராத்திரி சீன்ல கருப்பு சாம்பலா தெரியுது. கியூஎல்இடின்னா அதே டிவிதான், நடுவுல குவாண்டம் டாட்னு ஒரு ஃபிலிம் சேர்ப்பாங்க, கலர் சுத்தமா வரும். 2023-ல வேதியியல் நோபல் பரிசு இந்தக் குவாண்டம் டாட்ட கண்டுபிடிச்ச மூணு பேருக்குத்தான் குடுத்தாங்க, அதனால இது வெறும் விளம்பர வார்த்தைன்னு சொல்றவங்கள நம்பாதீங்க. ஆனா கலர் நல்லாயிருக்கும்கிறதுக்காக கருப்பும் நல்லாயிருக்கும்னு அர்த்தமில்ல.

கருப்ப சரிபண்ணத்தான் மினி எல்இடி. பின்னாடி இருக்குற பல்ப குட்டி குட்டியா நெறைய ஆக்கி, ஏரியா ஏரியாவா பிரிச்சு, இருட்டான எடத்துல மட்டும் அணைச்சு வைப்பாங்க. எத்தனை ஏரியான்னு கடையில கேளுங்க, அதுக்குப் பேரு டிம்மிங் ஜோன். மினி எல்இடின்னு பேர் வச்சுட்டு ஜோன் ரொம்பக் கம்மியா இருந்தா எழுத்தச் சுத்தி புகை மாதிரி வெளிச்சம் தெரியும்.

ஓஎல்இடில பின்னாடி பல்பே கெடையாது. ஒவ்வொரு புள்ளியும் தானே எரியும், தானே அணையும். அணைஞ்சா அணைஞ்சதுதான், கன்னங்கரேல்னு இருக்கும். ராத்திரி லைட்ட அணைச்சுட்டு படம் பாக்குறவங்களுக்கு இதவிட நல்லது எதுவுமில்ல, நான் மாட்டுன டிவிலயே என்ன அசர வச்சது ஓஎல்இடிதான். வெல அதிகம், இன்னொரு சிக்கலும் இருக்கு, அது அடுத்த கேள்வில.

எங்க அப்பா காலைல எந்திரிச்சதுல இருந்து தூங்குற வரைக்கும் நியூஸ் சேனல்தான். ஓஎல்இடி எடுக்கலாமா?

வேணாம். நம்ம தமிழ் நியூஸ் சேனல் திரைய பாருங்க, மேல ஓரத்துல லோகோ, கீழ பிரேக்கிங் நியூஸ் பட்டை, அதுக்குக் கீழ ஓடுற எழுத்து, பக்கத்துல தங்கம் வெல. நாள் பூரா அதே எடத்துல அதே கலர் எரிஞ்சுக்கிட்டே இருந்தா ஓஎல்இடில அந்த எடத்துப் புள்ளி மட்டும் சீக்கிரம் தேஞ்சுரும். அப்புறம் படம் போட்டாலும் அந்தப் பட்டையோட நிழல் தெரிஞ்சுக்கிட்டே இருக்கும், பர்ன்-இன்னு சொல்லுவாங்க, போக்க முடியாது. புது மாடல்ல லோகோவ கண்டுபிடிச்சு வெளிச்சம் கொறைக்கிற வசதியெல்லாம் வச்சிருக்காங்க, இருந்தாலும் தினமும் 14 மணி நேரம் ஒரே சேனல்னா நான் துணிஞ்சு எடுக்கச் சொல்ல மாட்டேன். அப்பாவுக்கு நல்ல எல்சிடி, முடிஞ்சா மினி எல்இடி. அப்பா அவரோட சேனல நிம்மதியா பாக்கட்டும், "டிவி கெட்டுப் போயிரும் அணைப்பா"ன்னு வீட்ல யாரும் அவர்கிட்ட சொல்ற நெலம வர வேணாம்.

நாங்க 7 பேர், ஆளுக்கொரு மூலைல உக்காருவோம். ஓரத்துல இருந்து பாத்தா கலர் வெளுத்துப் போகுமாமே?

அது பேனல் வகையப் பொறுத்தது. ஐபிஎஸ் பேனல்னா ஓரத்துல இருந்து பாத்தாலும் கலர் அவ்வளவா மாறாது, ஆனா கருப்பு கொஞ்சம் வெளிறும். விஏ பேனல்னா நேரா பாக்க கருப்பு அருமையா இருக்கும், பக்கவாட்டுல போனா வெளுக்கும். உங்களுக்கு ஐபிஎஸ்தான் சரி. சோபா ஒண்ணே ஒண்ணு, அது டிவிக்கு நேரா இருக்குன்னா விஏ எடுங்க. ஓஎல்இடிக்கு இந்தக் கவலையே இல்ல.

பெட்டில பேனல் வகைய பல கம்பெனி போடுறதில்ல, சில நேரம் ஒரே மாடல் நம்பர்லயே வேற வேற பேனல் வரும். அதனால கடையில நீங்களே இடது பக்கம் நாலடி தள்ளி நின்னு ஒரு மூஞ்ச பாருங்க. மூஞ்சி வெளிறுனா அது விஏ.

ஜன்னல் டிவிக்கு நேர் எதிர இருக்கு, பகல்ல கண்ணாடி மாதிரி எங்க மூஞ்சிதான் தெரியுது.

டிவிய பக்கத்துச் சுவத்துக்கு மாத்த முடியுமான்னு முதல்ல பாருங்க, காசு செலவில்லாத வழி அதுதான். முடியலன்னா கெட்டியான திரைச்சீலை. புதுசா எடுக்கப் போறீங்கன்னா வெளிச்சம் அதிகம் குடுக்குற டிவியா எடுங்க, வெளிச்சத்த நிட்ஸ்னு சொல்லுவாங்க, கம்மி வெல டிவி 250, 300 நிட்ஸ்லயே நிக்கும், பகல் வெயில் வர்ற ஹாலுக்கு அது பத்தாது. 500-க்கு மேல பாருங்க.

எச்டிஆர், டால்பி விஷன்னு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கு. இருந்தா நல்லதுதானே?

எச்டிஆர்னா ஒரே படத்துல ரொம்ப வெளிச்சமான எடமும் ரொம்ப இருட்டான எடமும் ரெண்டுமே விவரமா தெரியணும், சூரியன் சூரியனா இருக்கணும், நிழல்ல நிக்கிற ஆளும் தெரியணும். அதுக்கு டிவிக்கு வெளிச்ச சக்தி வேணும். மேல சொன்ன 250 நிட்ஸ் டிவி எச்டிஆர் சிக்னல வாங்கிக்கும், காட்டத்தான் தெம்பு இருக்காது, சில படம் எச்டிஆர்ல சாதாரணத்தவிட இருட்டாவே தெரியும். ஸ்டிக்கர பாத்து காசு கூட்டிக் குடுக்காதீங்க.

டால்பி விஷன், எச்டிஆர்10 பிளஸ் ரெண்டும் சீனுக்கு சீன் வெளிச்சத்த சரிபண்ற போட்டி முறைங்க. சாம்சங் டிவில டால்பி விஷன் கெடையாது, எச்டிஆர்10 பிளஸ் இருக்கும். அதுக்காக ஒரு டிவிய ஒதுக்க வேண்டிய அவசியம் இல்ல, பேனல் நல்லாயிருக்கான்னு பாருங்க.

கிரிக்கெட் பாக்க 120 ஹெர்ட்ஸ் வேணும்னு கடைக்காரர் சொல்றார். உண்மையா?

ஹெர்ட்ஸ்னா டிவி நொடிக்கு எத்தன தடவ படத்த புதுசாக்குதுங்கிற கணக்கு. நம்ம ஊர் ஒளிபரப்பு 50 ஹெர்ட்ஸ் கணக்குல வர்றது, 60 ஹெர்ட்ஸ் டிவி தாராளமா காட்டும். பந்து ஓடும்போது இழுபறியா தெரியிறதுக்கு நெறைய நேரம் எஸ்டி சேனலோ ஸ்லோ இன்டர்நெட்டோதான் காரணம். 120 ஹெர்ட்ஸ் உண்மையிலயே வேண்டியது பிளேஸ்டேஷன் 5 மாதிரி கேம் ஆடுற பிள்ளைங்க இருக்குற வீட்டுக்கு, அப்ப எச்டிஎம்ஐ 2.1 போர்ட்டும் இருக்கான்னு சேத்துப் பாருங்க. படம் பைத்தியங்களுக்கும் லாபம் உண்டு, சினிமா நொடிக்கு 24 ஃப்ரேம், 120 அதால மிச்சமில்லாம வகுபடும், 60 வகுபடாது.

மோஷன் ரேட் 200, 240-ன்னெல்லாம் போட்டிருந்தா அது பேனலோட நெஜமான வேகம் இல்ல. "நேட்டிவ் ரெஃப்ரெஷ் ரேட் எவ்ளோ"ன்னு அதே வார்த்தையில கேளுங்க.

நல்ல படத்த போட்டாலும் சீரியல் ஷூட்டிங் பாக்குற மாதிரி வழவழன்னு இருக்கு, ஏன்?

டிவி நடுவுல இல்லாத ஃப்ரேம தானா செஞ்சு சேக்குது. எல்ஜில ட்ரூமோஷன், சோனில மோஷன்ஃப்ளோன்னு பேர் இருக்கும், அத அணைச்சிருங்க. ஃபிலிம்மேக்கர் மோடுன்னு ஒண்ணு இருந்தா அத போட்டா இந்த மாதிரி எல்லாத்தையும் மொத்தமா அணைச்சுரும். முதல் நாள் படம் கொஞ்சம் மஞ்சளா, மந்தமா தெரியும், ஒரு வாரம் பாத்துட்டு அப்புறம் கலர தூக்கிக் காட்டுற பழைய விவிட் மோடுக்குப் போய்ப் பாருங்க, கண்ணு கூசும்.

கூகுள் டிவி, வெப்ஓஎஸ், டைசன் இதுல எது நல்லது?

மூணும் ஸ்மார்ட் டிவிய ஓட்டுற சாஃப்ட்வேர். கூகுள் டிவில ஆப் அதிகம், தமிழ் ஓடிடி ஆப் எல்லாமே கெடைக்கும். எல்ஜியோட வெப்ஓஎஸ், சாம்சங்கோட டைசன் ரெண்டும் ஓட்டம் சுத்தமா இருக்கும். இந்த மூணுல எதுவும் தப்பில்ல. கூகுள் டிவி எடுத்தா ராம் 2 ஜிபி, ஸ்டோரேஜ் 16 ஜிபிக்கு கொறையாம பாருங்க, 1 ஜிபி ராம் டிவிய பொறுமையா இருக்கறவங்களாலயே ஓட்ட முடியாது.

ஒண்ணுல மட்டும் கவனமா இருங்க. பேர் தெரியாத பிராண்டுல வெறும் "ஆண்ட்ராய்டு ஸ்மார்ட்"னு போட்டு விப்பாங்க, கூகுள் சர்டிஃபிகேட் இருக்காது, நெட்ஃபிளிக்ஸ் வரவே வராது, இல்ல மங்கலா வரும்.

ஸ்மார்ட் டிவி மூணு நாலு வருஷத்துல ஸ்லோ ஆயிருதே, அப்ப தூக்கிப் போட்டுர வேண்டியதுதானா?

ஐயோ, பண்ணிராதீங்க. பேனலோட ஆயுசு வேற, உள்ள இருக்குற கம்ப்யூட்டரோட ஆயுசு வேற. படம் நல்லா தெரியுது, ஆப் மட்டும் தொங்குதுன்னா சில ஆயிரம் ரூபாய்க்கு ஒரு ஃபயர் ஸ்டிக்கோ கூகுள் டிவி பாக்ஸோ வாங்கி எச்டிஎம்ஐல சொருகுங்க, டிவி புதுசு மாதிரி ஆயிரும். அதனாலதான் எடுக்கும்போது பேனலுக்குக் காசு போடுங்க, ஸ்மார்ட் வசதிக்குப் போடாதீங்கன்னு சொல்றேன், ஸ்மார்ட் வசதிய பின்னாடி சொருகிக்கலாம், பேனல அப்படிச் சொருக முடியாது.

நெட் ஸ்பீடு எவ்ளோ வேணும்?

நெட்ஃபிளிக்ஸ் 4கேக்கு 15 எம்பிபிஎஸ் கேக்குது, அதோட பிரீமியம் பிளான் இருந்தாதான் 4கே வரும். ஸ்பீடு இருந்தும் சுத்துதுன்னா டிவிய 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபைல போடுங்க, இல்ல ரௌட்டர்ல இருந்து ஒயர் இழுங்க.

அம்மாவுக்கு வசனமே கேக்க மாட்டேங்குது, சவுண்ட் வச்சா பாட்டு காத கிழிக்குது. என்ன பண்றது?

டிவி ஒல்லியாக ஒல்லியாக ஸ்பீக்கர் வைக்க எடமில்லாம போச்சு. பெரும்பாலும் கீழ பாத்து வச்சிருப்பாங்க, சத்தம் தரையில பட்டு நம்மகிட்ட வருது. முதல்ல சவுண்ட் செட்டிங்ஸ்ல வாய்ஸ் அல்லது நியூஸ் மோடு போட்டுப் பாருங்க, பல வீட்ல இதுவே போதுமா இருந்துச்சு. பத்தலன்னா ஒரு சவுண்ட்பார், நடுவுல வசனத்துக்குத் தனி ஸ்பீக்கர் இருக்குறதா, அதாவது 3.1ன்னு போட்டதா எடுங்க. வாட்ஸ் நம்பர பாத்து மயங்காதீங்க. ஒயர டிவில ஆர்க் இல்ல இ-ஆர்க்னு எழுதுன எச்டிஎம்ஐ ஓட்டைல மட்டும் சொருகணும், அப்பதான் டிவி ரிமோட்லயே சத்தம் கூட்டிக் கொறைக்கலாம், அம்மா ரெண்டு ரிமோட்டோட அல்லாட வேண்டியதில்ல.

எங்க பழைய செட்டப் பாக்ஸ்ல மூணு கலர் ஒயர்தான் இருக்கு, புது டிவில அந்த ஓட்டையே இல்லையே?

பல டிவில அதுக்குப் பதிலா ஹெட்போன் ஓட்டை மாதிரி ஒரு சின்ன ஏவி ஓட்டை இருக்கும், பெட்டிக்குள்ளயே சின்ன அடாப்டர் ஒயர் கெடக்கும், தெர்மாகோலோட தூக்கிப் போட்டுராதீங்க. அதுவும் இல்லன்னா ஏவில இருந்து எச்டிஎம்ஐக்கு மாத்துற சின்னப் பொட்டி கெடைக்கும். ஆனா புது 4கே டிவிக்கு அந்த ஒயர்ல குடுக்குறதுக்கு பாக்ஸ மாத்துறதுதான் ஒழுங்கு, காரணம் மங்கல் கேள்வில சொன்னதுதான்.

சுவத்துல எவ்ளோ உயரத்துல மாட்டணும்?

சோபாவுல உக்காந்தா கண்ணு தரையில இருந்து சுமாரா மூன்றரை அடில இருக்கும், திரையோட நடு அங்க வரணும். 55 இன்ச்சுன்னா அடி ஓரம் தரையில இருந்து 2¼, 2½ அடி. "இவ்ளோ கீழயா"ன்னு எல்லா வீட்லயும் கேப்பாங்க, சாமி படம் மாதிரி அஞ்சடிக்கு மேல மாட்டச் சொல்லுவாங்க. மாட்டிட்டு வந்தா மூணு மாசத்துல கழுத்து வலிக்குதுன்னு போன் வரும். தரையில பாய் போட்டு உக்காந்து பாக்குற வீடுன்னா இன்னும் கீழ வரணும், சின்னப் பிள்ளைங்க இருந்தா மட்டும் கைக்கு எட்டாம அரையடி ஏத்துங்க.

உங்க சுவர் என்ன கல்லுன்னு மாட்ட வர்றவர்கிட்ட முதல்லயே சொல்லிருங்க. செங்கல்னா சாதாரண ஆங்கர் போதும். புது அபார்ட்மெண்ட்ல ஏஏசி பிளாக் வச்சிருப்பாங்க, லேசான கல்லு, அதுல சாதாரண பிளக் அடிச்சா ஒரு நாள் டிவியோட கழண்டு வரும், அதுக்குன்னு தனி ஆங்கர் இருக்கு. ஸ்டாண்டுல வைக்கிறீங்கன்னா பின்னாடி ஒரு பட்டை போட்டு சுவத்தோட கட்டுங்க. குழந்தை புடிச்சு இழுத்து டிவி மேல விழுந்துரும்கிற பயம் எனக்கு எப்பவும் உண்டு.

வீடு கட்டுறோம், டிவி யூனிட்டுக்கு ஆசாரிகிட்ட என்ன சொல்லணும்?

இப்ப எடுக்குற டிவி அளவுக்குக் கச்சிதமா பொந்து வைக்க வேணாம்னு சொல்லுங்க. 2006-க்கு அப்புறம் அரசாங்கம் குடுத்த 14 இன்ச் கலர் டிவிக்குன்னு சிமெண்ட்ல கட்டுன ஷெல்ஃப் இன்னும் எத்தனையோ வீட்ல இருக்கு, 32 இன்ச்சுன்னு பலகை அடிச்ச வீட்ல 43 வாங்க முடியாம தவிக்கிறாங்க. தட்டையான ஒரே பலகை, 65 வரைக்கும் தாங்குற அகலம், அவ்ளோதான். கரண்ட் பாயிண்ட் டிவிக்குப் பின்னாடி மறையிற எடத்துல கொறைஞ்சது நாலு வையுங்க. சுவத்துக்குள்ள ஒயர் போக பைப் போட்டா 2 இன்ச் பைப் போடுங்க, முக்கால் இன்ச் பைப்புல எச்டிஎம்ஐ தலை வளைவுல சிக்கிக்கும், அப்புறம் சுவத்த ஒடைக்கணும்.

ஸ்டெபிலைசர் வேணுமா?

டிவி பின்னாடி ஸ்டிக்கர்ல 100-240 வோல்ட்னு போட்டிருந்தா லோ வோல்டேஜ அதுவே சமாளிக்கும். திடீர்னு வர்ற அதிக கரண்ட்டும் இடியும்தான் போர்ட எரிக்குது. நல்ல ஸ்பைக் கார்டு ஒண்ணு போடுங்க, வீட்ல எர்த் ஒழுங்கா இருக்கான்னு எலக்ட்ரீஷியன விட்டுப் பாருங்க. ஐப்பசி, கார்த்திகைல இடி இடிக்கும்போது ஸ்விட்ச அணைச்சா மட்டும் பத்தாது, பிளக்க உருவுங்க, டிஷ்ல இருந்து வர்ற ஒயரையும் உருவுங்க. டிஷ் ஒயர் வழியா வந்த இடில எச்டிஎம்ஐ போர்ட்டு போன டிவி ஒவ்வொரு மழைக்கும் எங்கிட்ட வருது.

பெரிய டிவின்னா கரண்ட் பில்லு எகிறுமா?

55 இன்ச் எல்இடி சுமாரா 120 வாட்ஸ்னு வைங்க, தினம் 5 மணி நேரம் ஓடுனா 0.6 யூனிட், ரெண்டு மாச பில்லுக்கு 36 யூனிட். ஏசியோட ஒப்பிட்டா ஒண்ணுமே இல்ல. ஆனா உங்க பில்லு ஏற்கனவே 480, 490 யூனிட்ல நிக்குதுன்னா கவனிங்க, 500 யூனிட் தாண்டுனா கீழ இருக்குற யூனிட்டுக்கும் ரேட் மாறிரும். வெளிச்சத்த கொஞ்சம் கொறைச்சு வச்சாலே மிச்சமாகும். வாங்கும்போது ஸ்டார் லேபிள்ல வருஷத்துக்கு எத்தன யூனிட்னு போட்டிருக்கும், அந்த நம்பர பாருங்க.

எல்லாம் ஒரே பேனல்தானாமே, அப்ப எதுக்குப் பெரிய பிராண்டு?

பாதி உண்மை. எல்சிடி பேனல் செய்யிற கம்பெனி உலகத்துலயே கொஞ்சம்தான், சீனாவோட பிஓஇ, சிஎஸ்ஓடி மாதிரி, பல பிராண்டும் அங்கதான் வாங்குது. ஆனா வெளிச்சப் பட்டி, போர்டு, படத்த சீர்பண்ற சிப்பு எல்லாம் அவங்கவங்க வைக்கிறது. எஸ்டி சேனல இழுத்து ரொப்புற வேலைய அந்த சிப்புதான் செய்யுது, கேபிள் அதிகம் பாக்குற வீட்டுக்கு வித்தியாசம் அங்க தெரியும்.

நான் பிராண்ட விட சர்வீஸத்தான் பாப்பேன். உங்க ஊர்ல, இல்ல பக்கத்து டவுன்ல அந்தக் கம்பெனிக்கு சர்வீஸ் சென்டர் இருக்கான்னு வாங்குறதுக்கு முன்னாடி போன் போட்டுக் கேளுங்க.

கடையில எடுக்கலாமா, ஆன்லைன்லயா? ஆடி, தீபாவளி வரைக்கும் காத்திருக்கணுமா?

2025 செப்டம்பர் 22-ல இருந்து 32 இன்ச்சுக்கு மேல இருக்குற டிவிக்கும் ஜிஎஸ்டி 28-ல இருந்து 18 சதவீதமா கொறைஞ்சிருச்சு, அதனால பழைய வெலைய மனசுல வச்சுக்கிட்டுப் பேரம் பேசாதீங்க. அவசரமில்லன்னா தீபாவளிக்கு முன்னாடி வர்ற ஆன்லைன் சேல் சமயத்துல ஆன்லைன் வெலைய போன்ல எடுத்துக்கிட்டு கடைக்குப் போங்க, நெறைய கடையில அந்த வெலைக்கே இறங்கி வருவாங்க. ரெண்டு மூணு நூறு அதிகம்னாலும் பக்கத்துக் கடை நல்லது, பிரச்சனைன்னா போய் நிக்க ஒரு எடம் இருக்கும். நோ காஸ்ட் இஎம்ஐன்னா முழுப் பணம் குடுத்தா எவ்ளோ கொறைப்பீங்கன்னும் பிராசஸிங் ஃபீஸ் எவ்ளோன்னும் கேட்டுட்டுக் கணக்குப் போடுங்க.

ஆன்லைன்ல எடுத்தா பெட்டிய நீங்களா பிரிக்காதீங்க, கம்பெனி ஆளு வந்து பிரிக்கட்டும், அதையும் வீடியோ எடுங்க. ஸ்ரீரங்கத்துல ஒரு வீட்ல பசங்க ஆசையில முன்னாடியே பிரிச்சுட்டாங்க, திரையில மூலைல விரிசல், "நீங்க ஒடைச்சது"ன்னு சொல்லிட்டாங்க, அந்த அக்கா அழுதது இன்னும் கண்ணுல நிக்குது. இந்த மாதிரி மாட்டிக்கிட்டா 1915-ங்கிற தேசிய நுகர்வோர் ஹெல்ப்லைனுக்குப் போட்டுப் புகார் குடுங்க, சும்மா விட்டுராதீங்க.

கடையில எல்லா டிவியும் சூப்பராத்தான் தெரியுது. எப்படிக் கண்டுபிடிக்கிறது?

அங்க ஓடுறது டிவிக்காகவே எடுத்த 4கே பூவும் மீனும், மோடும் கடைக்குன்னே வச்ச ஸ்டோர் மோடு. வீட்டு மோடுக்கு மாத்தச் சொல்லுங்க. ஒரு பென்டிரைவ்ல ரெண்டு விஷயம் கொண்டு போங்க, இருட்டு சீன் அதிகம் இருக்குற ஒரு படத்துத் துண்டு, உங்க வீட்ல ஓடுற மாதிரி சுமாரான குவாலிட்டில ஒரு பாட்டு. கேபிள் கனெக்‌ஷன் இருந்தா உங்க அம்மா பாக்குற சேனலயே போடச் சொல்லுங்க. இருட்டு சீன்ல தலைமுடியும் இருட்டும் ஒண்ணாயிருச்சா, ஆளோட தோல் கலர் மனுஷக் கலரா இருக்கா, இதத்தான் பாக்கணும். ரிமோட்ட உங்க கையில வாங்கி யூடியூப் தொறந்து மூடிப் பாருங்க, எவ்ளோ நேரம் எடுக்குதுன்னு தெரியும்.

எக்ஸ்டெண்டட் வாரண்டி போடலாமா?

கம்பெனியே குடுக்குறதா, பேனலுக்கும் சேத்தான்னு கேளுங்க. ரெண்டுக்கும் ஆமான்னா போடலாம். பையன் ரிமோட்ட எறிஞ்சு ஒடைஞ்சா சாதாரண வாரண்டி எதுவும் தராது, அதுக்கு ஆக்சிடெண்ட் டேமேஜ்னு தனியா இருக்கணும், அந்த வார்த்தை பேப்பர்ல இருக்கான்னு பாருங்க, வாய்ல சொன்னா பத்தாது.

எங்க 5 வருஷ டிவில நேர் கோடு விழுந்திருச்சு. சரிபண்றதா, புதுசு எடுக்குறதா?

முதல்ல மெனுவ திறங்க. மெனுவுக்கு மேலயும் கோடு ஓடுதுன்னா பேனல் பக்கம் கோளாறு, மெனு சுத்தமா இருக்கு, சேனல்ல மட்டும் கோடுன்னா பாக்ஸோ ஒயரோதான், டிவிக்கு ஒண்ணுமில்ல. சத்தம் வருது, படம் இருட்டா இருக்குன்னா ரூம் லைட்ட அணைச்சுட்டு திரைல டார்ச் அடிச்சுப் பாருங்க, உருவம் மங்கலா அசைஞ்சா பின்னாடி எல்இடி பட்டி போயிருக்கு, அது மாத்துறது பெரிய செலவில்ல. ஆன் ஆகவே மாட்டேங்குதுன்னா பவர் போர்டா இருக்கலாம், அதையும் சரிபண்ணலாம்.

பேனலே போச்சுன்னா மட்டும் புது டிவி வெலைக்குப் பக்கத்துல செலவு வந்துரும், மாத்துறதுல அர்த்தமில்ல. ஆனா அத முடிவு பண்றதுக்கு முன்னாடி இன்னொரு மெக்கானிக்கிட்டயும் காட்டுங்க. பின்மூடிய கழட்டாமலே "பேனல் போச்சு"ன்னு சொன்ன டிவிய நான் ஒரு கழண்ட ரிப்பன் ஒயர திரும்ப அழுத்தி ஓட வச்சிருக்கேன், அது இன்னிக்கும் தில்லை நகர்ல ஒரு ஹால்ல ஓடிக்கிட்டுத்தான் இருக்கு.